செலவு குறைந்த நகரில் நடுத்தர அளவுத் திருமணம்: கணக்குப் போடும் முறை

திருமணச் செலவைக் கணக்குப் போட உட்காரும் குடும்பங்கள் பெரும்பாலும் மண்டபத்திலிருந்தே தொடங்குகின்றன. மண்டபம் பிடித்துப்போகிறது, நாளும் கிடைத்துவிடுகிறது, முன்பணம் கட்டியாகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் யார் யாரை அழைப்பது என்ற பேச்சு எழுகிறது. அப்போது பட்டியல் மண்டபத்தின் அளவுக்கு வளரும், செலவு பட்டியலின் அளவுக்கு வளரும், கையில் இருக்கும் தொகை மட்டும் அதே இடத்தில் நிற்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தொகையை முதலிலும் தலைக்கணக்கை இரண்டாவதாகவும் மண்டபத்தை மூன்றாவதாகவும் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொகை என்றால், திருமண நாளுக்குள் நிச்சயமாகக் கைக்கு வரக்கூடிய பணம். சேமிப்பில் இப்போது இருப்பது, இனி மாதந்தோறும் ஒதுக்க முடிவது, வீட்டார் தருவதாகச் சொன்னது ஆகிய மூன்றையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். மூன்றாவது வரியில்தான் சிக்கல் இருக்கிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அது அன்பு. அதை வரவில் எழுத வேண்டுமானால் எவ்வளவு, எந்த மாதம் என்ற இரண்டு விவரங்களும் வேண்டும். கேட்கச் சங்கடமாக இருந்தால், "அலங்காரச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று ஒரு குறிப்பிட்ட இனத்தைச் சொல்லிக் கேட்பது எளிது. பணம் தருகிறவருக்கு எந்த விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை உண்டு, எதில் இல்லை என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. பரிசாக வரக்கூடிய பணத்தை வரவில் எழுதவே வேண்டாம். செலவு முழுவதும் முடிந்த பிறகு வரும் பணத்தைக் கொண்டு மண்டபத்துக்கு முன்பணம் கட்ட முடியாது.

விளக்கத்துக்காக மொத்தத் தொகையை 1,000 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலகு எவ்வளவு பணம் என்பது அவரவர் வசதியைப் பொறுத்தது. அதிலிருந்து 100 அலகை எதிர்பாராச் செலவுக்கென்று எடுத்து, முடிந்தால் வேறொரு வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். பத்தில் ஒரு பங்கு ஒதுக்குவது எங்கும் உள்ள நடைமுறைதான், ஆனால் பலர் அதைக் கணக்கின் கடைசி வரியாக எழுதி, மற்ற எல்லாம் போக மிஞ்சியதை அதில் நிரப்புகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த வரியில் மிஞ்சுவது பெரும்பாலும் சுழிதான்.

தலைக்கணக்கு

நடுத்தர அளவு என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. இந்தக் கணக்குக்கு 150 பேர் என்று கொள்வோம். அழைப்போர் பட்டியலை ஆள்வாரியாக எழுதாமல் குடும்பவாரியாக எழுதி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதிரே எத்தனை பேர் என்று குறியுங்கள். பிறகு அவர்களை மூன்று வகையாகப் பிரியுங்கள்: கட்டாயம் வருவார்கள், அநேகமாக வருவார்கள், மரியாதைக்கு அழைக்கிறோம். முதல் வகையில் 92 பேர், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 39 என்று வந்தால், அழைப்பு 191 பேருக்குப் போகிறது. முதல் வகையை முழுமையாகவும், இரண்டாவதை முக்கால் பங்காகவும், மூன்றாவதை மூன்றில் ஒரு பங்காகவும் கொண்டால் 92, 45, 13 என மொத்தம் 150 ஆகிறது. இந்தப் பின்னங்களை யாரும் விதிக்கவில்லை. உங்கள் குடும்பத்தில் இதற்கு முன் நடந்த நிகழ்ச்சிகளுக்கு யார் வந்தார்கள், யார் வாழ்த்து மட்டும் அனுப்பினார்கள் என்ற நினைவை வைத்து அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஒதுக்கீடு. மீதமுள்ள 900 அலகில், எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு ஒரு பக்கம், தலைக்கு இவ்வளவு என்று ஏறும் செலவு மறுபக்கம். மண்டபம் 130, புகைப்படமும் காணொளியும் 90, உடைகள் 80, அலங்காரம் 70, இசையும் ஒலிபெருக்கியும் 30, பதிவுக் கட்டணமும் சில்லறையும் 20 என்று வைத்தால் மாறாத செலவு 420 ஆகிறது. மீதி 480 அலகை 150 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 3.2. அதில் உணவு 2.4, போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் 0.4, மேசை நாற்காலி வாடகை 0.3, அழைப்பிதழ் 0.1 என்று கொள்ளலாம்.

இந்தப் பிரிவினையின் பயன் உடனே தெரியும். பட்டியலில் 30 பேர் கூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; வீட்டுக்கு இருவர் என்று 15 வீடுகளைச் சேர்த்தாலே போதும், 30 பேர் வந்துவிடுவார்கள். தலைக்கு 3.2 வீதம் 96 அலகு போகும். எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கிய 100 அலகில், எதிர்பாராதது எதுவுமே நடக்காமல், மிஞ்சுவது 4. அழைத்த 191 பேரும் வந்துவிட்டால் கூடுதலாக 131 அலகு வேண்டும்; ஒதுக்கீடு முழுவதையும் கொட்டினாலும் போதாது. பூக்களின் விலையில் அரை அலகு குறைப்பதற்காக மாலை முழுவதும் பேரம் பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம். வருகையை உறுதிசெய்யச் சொல்லி அழைப்பிதழிலேயே ஒரு தேதி குறிப்பிடுவதும், அந்தத் தேதி தாண்டியவுடன் கூச்சப்படாமல் தொலைபேசியில் கேட்பதும் இதனால்தான் அவசியமாகின்றன.

மண்டபத்தின் அளவும் இந்த எண்ணிலிருந்தே வருகிறது. வட்ட மேசைகளைப் போட்டு அமர்ந்து உண்ண ஒருவருக்கு ஏறத்தாழ 12 சதுர அடி தேவை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நிகழ்ச்சியைப் பார்க்க மட்டும் என்றால் 8 சதுர அடி போதும். ஆகவே 150 பேர் உண்ண 1,800 சதுர அடி வேண்டும், மேடைக்கு 200 சேர்த்தால் 2,000. பட்டியல் 180 ஆனால் அமர மட்டும் 2,160 வேண்டும். அதே மண்டபம் பற்றாது. 5 அடி விட்டமுள்ள வட்ட மேசையில் 8 பேர் வசதியாக அமரலாம், 10 பேர் என்றால் முழங்கை இடிக்கும். 8 பேர் வீதம் 150 பேருக்கு 19 மேசைகள், 180 பேருக்கு 23. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு விரிப்பு, ஒரு அலங்காரம், அதைக் கவனிக்க ஆள் என்று செலவு அதனோடு ஒட்டிக்கொண்டே வரும். 50 இருக்கைகள் கொண்ட பேருந்து பிடித்தால், 51ஆவது ஆளுக்கு இரண்டாவது வண்டி வேண்டும். தலைக்குரிய செலவு என்று நாம் எழுதினாலும் அது படிப்படியாகத் தாவித் தாவித்தான் ஏறுகிறது; அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரு படிக்குக் கீழேயே நின்றுகொள்ளலாம்.

ஊர் மலிவு என்பதன் பொருள்

செலவு குறைந்த நகரத்தில் எல்லாமே மலிவாக இருப்பதில்லை. இடத்தின் வாடகை, ஆட்கூலி, அறை வாடகை, அந்த வட்டாரத்திலேயே விளையும் பொருள்கள் ஆகியவை குறைவாக இருக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எளிதாகக் கொண்டுசெல்லக்கூடியவற்றின் விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தங்கம், பெயர்பெற்ற நிறுவன உடைகள், கேமரா, தொலைவிலிருந்து வரவழைக்கும் பூக்கள் எல்லாம் அந்த வகை. ஆகவே உங்கள் திட்டத்தில் எந்த வரிகள் ஊரால் மலிவாகின்றன என்று அடையாளமிட்டுப் பாருங்கள். மண்டபமும் உணவும் பாதிக்கு மேல் இருந்தால் அந்த ஊர் உங்களுக்கு உண்மையிலேயே உதவும். உடைக்கும் நகைக்குமே பெரும்பங்கு போகிறதென்றால் ஊரை மாற்றியதால் கிடைக்கும் ஆதாயம் நீங்கள் நினைத்ததைவிடச் சிறியது.

இன்னொரு செலவும் மறைந்திருக்கிறது. நீங்கள் வாழும் ஊரும் திருமணம் நடக்கும் ஊரும் வேறு வேறாக இருந்தால், மண்டபம் பார்க்க ஒரு பயணம், உணவைச் சுவைத்துப் பார்க்க ஒன்று, முடிவாகப் பேசி வர ஒன்று என்று குறைந்தது மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும். விருந்தினரில் பாதிப்பேர் வெளியூர்க்காரர் என்றால் அறைச் செலவு உங்கள் தலையிலா அவர்கள் தலையிலா என்பதை அழைப்பிலேயே தெளிவாக்க வேண்டும். அறைகளை மொத்தமாகப் பிடித்து வைக்கும்போது, எந்தத் தேதிக்குள் திருப்பிக் கொடுத்தால் கட்டணம் இல்லை என்று விடுதியில் எழுதி வாங்குங்கள். பெரிய நகரத்திலிருந்து புகைப்படக் கலைஞரை வரவழைத்தால் அவருடைய கட்டணத்தோடு பயணம், இரண்டு இரவுத் தங்கல், உதவியாளர் செலவு எல்லாம் சேரும். உள்ளூரில் ஒரே ஒரு நல்ல கலைஞர் இருக்கிறார் என்றால், அவர் வேறு யாருக்கும் ஒப்புக்கொள்வதற்கு முன் அவருடைய நாளைக் கேட்டுவிட்டு உங்கள் நாளை முடிவுசெய்வது விவேகம்.

சிறிய சந்தையில் பேரத்துக்கு அதிக இடம் இருப்பதில்லை. உண்மையான குறைப்பு நாளிலிருந்துதான் வரும். எல்லாரும் கேட்கும் வார இறுதியை விட்டு வாரநாள் ஒன்றையோ, திருமணங்கள் குறைவான பருவத்தையோ தேர்ந்தால் மண்டபம், அலங்காரம், புகைப்படம் மூன்றிலுமே சலுகை கேட்கும் நிலையில் இருப்பீர்கள். ஆனால் வாரநாளில் வெளியூர் விருந்தினர் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். வருகை குறைந்தால் அதற்கேற்பத் தலைக்கணக்கையும் திருத்துங்கள்.

மலிவான ஊரில் பெரும்பாலான திட்டங்கள் கவிழ்வது விலையால் அன்று, மனநிலையால்தான் என்பது என் கணிப்பு. "இங்கே எல்லாம் குறைவுதானே" என்ற சொல் ஒவ்வொரு கடையிலும் வந்துவிழும். குறைவு என்பதால் ஒரு நாள் நிகழ்ச்சி இரண்டு நாளாகும், ஒரு வகை இனிப்பு மூன்று வகையாகும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது விரல் எந்த ஊரில் இருந்தாலும் பொருந்தும்.

விலைப்புள்ளியைப் படிப்பது

ஒவ்வொரு பெரிய செலவுக்கும் மூன்று பேரிடமாவது எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். அவற்றை அப்படியே பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் வேறு வேறு பொருளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஒரு சமையல் ஒப்பந்தக்காரர் தலைக்கு 2.0 அலகு என்கிறார், இன்னொருவர் 2.3 என்கிறார் என்று கொள்வோம். முதலாமவரின் தாளில் கடைசி வரியில் சிறிய எழுத்தில் "சேவைக் கட்டணமும் வரியும் தனி" என்று இருக்கிறது. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு என்றால் 2.2, அதன்மேல் வரி 12 விழுக்காடு என்றால் 2.46க்குச் சற்று மேல். இரண்டாமவர் எல்லாம் உட்பட 2.3 என்றிருக்கிறார். மலிவாகத் தெரிந்தவரிடம் போயிருந்தால் 150 பேருக்கு ஏறத்தாழ 25 அலகு அதிகம், அதுவும் நாம் ஒதுக்கிய 2.4ஐத் தாண்டி.

பரிமாறுவோர், பாத்திரங்கள், தண்ணீர், எரிபொருள், கழிவு அகற்றுதல் ஆகியவை யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தாளிலேயே எழுத வையுங்கள். குழந்தைகளுக்கு என்ன கட்டணம் என்றும் கேளுங்கள். புகைப்படக் கலைஞர்கள், இசைக் குழுவினர், ஓட்டுநர்கள், அலங்காரப் பணியாளர்கள் என்று வேலை செய்ய வருவோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். 14 பேர் என்றால் முழுக் கட்டணத்தில் 32 அலகு. பணியாளர்களுக்கு எளிய உணவு குறைந்த விலையில் தர முடியுமா என்று கேட்டால் பல ஒப்பந்தக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்; கேட்காவிட்டால் முழுக் கட்டணமே விழும்.

எல்லாவற்றையும்விட, குறைந்தபட்ச உத்தரவாத எண்ணிக்கையைக் கவனியுங்கள். 150 பேருக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு 125 பேர் வந்தால் 150 பேருக்கான பணத்தைத்தான் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் 120 என்று எழுதி, திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை அதே விலையில் கூட்டிக்கொள்ளலாம் என்ற வரியைச் சேர்த்துக்கொண்டால், ஏற்றுவது உங்கள் கையில் இருக்கும். இறக்குவது ஒருபோதும் உங்கள் கையில் இருப்பதில்லை.

மண்டப ஒப்பந்தத்தில் நேரத்தைப் பாருங்கள். எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றில் இரவு 10 மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்து தர வேண்டும் என்று இருந்தது. விருந்தினர் 9.15க்கே கிளம்பிவிட்டதால் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அலங்காரத்தைக் கழற்றத் தொடங்கியபோது மணி 9.30. ஏணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது; ஆட்கள் நால்வர். கடைசித் துணி கீழே வந்தபோது 11.10. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, "பதினொண்ணு தாண்டிடுச்சு சார், ரெண்டு மணி நேரம்னு போட்டுக்கறேன்" என்றார். அவர் மீது தவறில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் அடுத்த மணிக்கு முழுக் கட்டணம் என்று நாங்கள் கையெழுத்திட்ட தாளில் இருந்தது. காலி செய்யும் நேரம் என்பது விருந்தினர் போகும் நேரம் இல்லை, கடைசிக் கம்பியும் வாசலைத் தாண்டும் நேரம். அலங்காரம் போட எத்தனை மணி, கழற்ற எத்தனை மணி என்று அலங்காரக்காரரிடம் கேட்டு, அதை மண்டப நேரத்துக்குள் பொருத்திப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

முன்பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும், நாளை மாற்றினால் அது புதிய நாளுக்குச் செல்லுமா, அவர்கள் தரப்பில் ரத்தானால் என்ன தருவார்கள் என்பவையும் எழுத்தில் வேண்டும். தெரிந்தவர் என்பதற்காக ரசீது வாங்காமல் விடாதீர்கள். தெரிந்தவரிடம்தான் பிறகு கேட்பது கடினம்.

வெட்டுவதென்றால்

திட்டம் தொகையைத் தாண்டும்போது எல்லா வரியிலும் பத்து விழுக்காடு குறைப்பது நியாயமாகத் தோன்றும். அதன் விளைவு, எல்லாமே கொஞ்சம் குறையாகத் தெரியும் திருமணம். அதைவிட ஒரு இனத்தை முழுவதுமாக எடுத்துவிடுவது மேல். நேரடி இசை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது இல்லாததை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் உணவு போதாமல் போனால் பத்து வருடம் பேசுவார்கள். சடங்குக்கும் விருந்துக்கும் ஒரே இடம் என்றால் வண்டிச் செலவு போய்விடும், மேடையில் வைத்த பூச்சாடிகளை விருந்து மேசைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். காணொளியை நாள் முழுவதும் எடுக்காமல் முக்கியமான ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் எடுக்கச் சொல்லலாம். அழைப்பிதழ் ஆளுக்கொன்று தேவையில்லை, வீட்டுக்கொன்றுதான். 191 பேருக்கு 70 அல்லது 75 இதழ்கள் போதும். அச்சில் மட்டும் பத்து இதழ்களைக் கூடுதலாகவே போட்டுவிடுங்கள், ஏனென்றால் மறுபடி பத்து அச்சிடுவதற்கு ஆகும் செலவில் முதலிலேயே பல மடங்கு அச்சிட்டிருக்கலாம்.

ஒலிபெருக்கி, கழிவறைகளின் தூய்மை, மின்சாரம் போனால் உடனே இயங்கும் ஜெனரேட்டர் ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள். புகைப்படத்தில் வராத செலவுகள் என்பதால் முதலில் இவற்றைத்தான் வெட்டத் தோன்றும்.

எப்போது எவ்வளவு

மொத்தம் சரியாக இருந்தாலும் பணம் தேவைப்படும் நாளில் கையில் இல்லாமல் போகலாம். எட்டு மாதம் இருக்கிறது, கையில் 520 அலகு, மாதம் 60 சேர்கிறது என்றால் 480 சேர்ந்து 1,000 ஆகும் என்பது காகிதக் கணக்கு. சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது, திருமணம் எட்டாவது மாதத்தின் நடுவில் என்றால் கடைசி 60 அன்றைக்கு வந்திருக்காது. இருப்பது 940 தான். மாதத்துக்கு ஒரு வரி போட்டு, அந்த மாதம் வருவது, போவது, மீதி என்று மூன்று கட்டங்கள் எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும், எக்செல் தெரிந்தால் இன்னும் நல்லது. தொடக்கத்தில் முன்பணங்கள் சிறிது சிறிதாகப் போகும். உணவு, அலங்காரம், வண்டி ஆகியவற்றின் பாக்கித் தொகைகள் அனைத்தும் கடைசி மூன்று வாரங்களில் ஒன்றாக வந்து நிற்கும். மீதி என்ற கட்டம் எந்த மாதத்திலாவது 100க்குக் கீழே போனால், எதிர்பாராச் செலவுப் பணத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அப்போது ஒரு பாக்கியைத் திருமணத்துக்குப் பின் இரண்டு வாரம் தள்ளித் தர இப்போதே பேசிக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியைக் கடன் அட்டையால் நிரப்பினால், முழுத் தொகையையும் தவணை நாளுக்குள் கட்டாத பட்சத்தில், வட்டி நீங்கள் பேரத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தின்றுவிடும்.

திட்டத்துக்குப் பக்கத்தில் உண்மைச் செலவு என்று இன்னொரு பத்தி வேண்டும். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், ரசீதுகளைப் பார்த்து நிரப்பினால் போதும். ஒரு வரியில் 5 அலகு தாண்டினால் எந்த வரியிலிருந்து அந்த 5ஐ எடுக்கிறோம் என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

திருமண நாளன்று மணமக்களும் பெற்றோரும் பணப்பையைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. கணக்கில் கெட்டியான, கூச்சமில்லாமல் கேள்வி கேட்கக்கூடிய உறவினர் ஒருவரிடம் பொறுப்பை விடுங்கள். அன்று தர வேண்டிய பாக்கிகளைத் தனித்தனி உறைகளில் போட்டு, உறையின் மேல் பெயர், தொகை, எந்த வேலை முடிந்ததும் தர வேண்டும் என்று எழுதி முந்தைய இரவே அவரிடம் கொடுத்துவிட வேண்டும். இன்னோர் உறையில் சிறிய நோட்டுகளாகச் சில்லறை: அன்பளிப்பு, அவசரத்துக்கு வாங்கும் கயிறு, பேட்டரி, ஐஸ், மாத்திரை எல்லாம் அதிலிருந்து. உறை கைமாறும்போது, பெறுகிறவரின் கையெழுத்து உறையின் மேலேயே.

வாடகைக்கு எடுத்த பொருள்கள் வந்து இறங்கும்போது ஒருவர் நின்று எண்ண வேண்டும். கரண்டி, தட்டு, நாற்காலி எல்லாவற்றையும் எண்ணி, ஏற்கெனவே கீறலோ உடைசலோ இருப்பவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து, கொண்டுவந்தவரிடமே அந்தத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் காலை அவை திரும்பப் போகும்போது அதே தாளை வைத்து எண்ணுங்கள். மண்டபத்துக்குக் கட்டிய காப்புத்தொகையையும் மின்கட்டண மீட்டரின் இரண்டு அளவுகளையும், எல்லாரும் களைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் அந்தக் காலையிலேயே சரிபார்த்து வாங்கிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் உடைந்த நாற்காலி எந்தத் திருமணத்தில் உடைந்தது என்று அங்கே யாருக்கும் நினைவிருக்காது.